பனிக்குள் இருக்கும் வீட்டில் பர்மா தேக்கு ஏன் வெடிக்கிறது?

(திரையில்: காரைக்குடி வீட்டின் வளவு, அதாவது நடுமுற்றம்; வரிசையாகத் தேக்குத் தூண்கள்)

சிகாகோவில் வெளியே முழங்கால் அளவு பனி. உள்ளே, மகன் வீட்டுக்குப் போன ஆச்சிக்கு உதடு வெடித்து, மூக்கில் இரத்தமும் எட்டிப் பார்க்கிறது! அவ்வளவு தண்ணீர் கொட்டிக் கிடக்கும் ஊரில் காற்று எப்படிக் காய்ந்தது?

கணக்கு எளிது. 0 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கும் நீராவி சுமார் 5 கிராம். அதே காற்றை 21 டிகிரிக்குச் சூடாக்கினால் 18 கிராம் வரை தாங்கும். ஆனால் இருப்பது அந்த 5 கிராம்தான். ஈரப்பதம் 100 சதவீதத்திலிருந்து 30க்கும் கீழே இறங்கிவிடும்.

(திரையில்: காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு, பழம்பொருள் கடைகள்)

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இங்கே வாங்கிய பழைய மேசை கப்பலேறி அங்கே போகிறது. 70 சதவீத ஈரப்பதத்தில் மரத்துக்குள் ஏறக்குறைய 13 சதவீதம் நீர் இருக்கும். 30 சதவீதத்தில் அது 6 ஆகிவிடும். மரம் சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக இல்லை, அகலவாக்கில்தான்! இறுக்கி அறைந்த பலகை வேறு வழியின்றி வெடிக்கிறது. சட்டத்தில் வெட்டிய காடிக்குள், அதாவது நீளப் பள்ளத்துக்குள், பசையில்லாமல் செருகிய கதவுப் பலகையோ சுருங்கிவிட்டுப் பேசாமல் இருக்கும். அந்த ஆசாரிக்கு என் கும்பிடு. இத்தனைக்கும் தேக்கு மற்ற மரங்களைவிடக் குறைவாகவே அசையும். மாமரப் பலகையை அனுப்பியிருந்தால் என்னவாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு அங்கே வைப்பது முழு வீட்டு ஹியூமிடிஃபையர், அதாவது காற்றுக்கு ஈரம் சேர்க்கும் கருவி. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் காற்றுக் குழாயோடு அதைப் பொருத்துகிறார்கள். நனைந்த பட்டை வழியாகச் சூடான காற்று போகும்போது ஈரத்தை எடுத்துக்கொண்டு எல்லா அறைகளுக்கும் செல்கிறது. நீராவியாகவே செலுத்தும் வகையும் உண்டு. தண்ணீர் இணைப்பு, வடிகால் இரண்டும் வேண்டும்; பட்டையைக் குளிர்காலத்துக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும்.

ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். வெளியே குளிர் ஏற ஏற அளவைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்து பூஞ்சை பிடிக்கும். "உடம்புக்கு நல்லதாச்சே" என்று முழுதாகத் திருகாதீர்கள், ஆச்சி!

காரைக்குடிக்கு ஒன்று வாங்கலாமா என்று யாரும் கேட்க வேண்டாம். மார்கழியிலும் இங்கே காற்றில் ஈரம் தாராளம். வளவுக்கு மேலே வானம் திறந்து கிடக்கிறது. ஈரமாக்குவதென்றால் மாவட்டத்தையே ஈரமாக்க வேண்டும்.

இங்கிருந்து கப்பலேறிய மேசையோ கதவோ உங்கள் வீட்டில் வெடித்திருக்கிறதா? எந்தப் பக்கம் வெடித்தது என்று கீழே எழுதுங்கள். நீளவாக்கில் சுருங்கியது என்று யாராவது சொன்னால் அளவுநாடாவோடு படம் வேண்டும்.