எண்ணெய்ச் சட்டி இல்லாத இறால் வாண்டன்

வணக்கம் மக்களே. இன்றைக்கு ராத்திரி நம்ம வீட்டு மொட்டை மாடியில் பார்ட்டி. எல்லாரும் மேலே பேசிக்கொண்டிருக்க, நான் மட்டும் கீழே எண்ணெய்ச் சட்டிக்குக் காவல் நிற்க முடியாது, அதனால் வாண்டனை, அதாவது மாவு ஷீட்டுக்குள் பூரணம் வைக்கிற சைனீஸ் பலகாரத்தை, பொரிக்காமல் ஓவனில் வைக்கப்போகிறேன். பாண்டிச்சேரிக்காரர்களுக்கு இதெல்லாம் புதுசில்லை, வியட்நாமின் சைகோன் போய்த் திரும்பிய குடும்பங்களில் விசேஷம் என்றால் சாயோ என்கிற பொரித்த ரோல் உண்டு. அதைச் சுற்றுவது அரிசித்தாளில், இது மைதாவும் முட்டையும் பிசைந்த ஷீட்.

ஃப்ரோசன் ஷீட் வாங்கியிருந்தால் முதல்நாள் ராத்திரியே ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். கிடைக்கவில்லையா, ஒரு கப் மைதா, ஒரு முட்டை, உப்பு, தெளிக்கிற மாதிரி தண்ணீர். பூரி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து, அரை மணி நேரம் மூடிவைத்து, சோளமாவு தூவி, கை ரேகை தெரிகிற அளவுக்குத் தேய்த்து மூன்றரை அங்குலச் சதுரமாக வெட்டுங்கள்.

உள்ளே வைக்க, பெரிய மார்க்கெட் இறால் கால் கிலோ, நரம்பெடுத்துப் பொடியாக நறுக்கியது. பூண்டு, இஞ்சி, மிளகு, வெங்காயத்தாள், ஒரு ஸ்பூன் சோயா சாஸ். உப்பு தனியாக வேண்டாம், சோயாவில் இருப்பதே போதும். இங்கே பாருங்கள், வாணலி ஓரத்தில் வெள்ளையாகத் தண்ணீர் கசிகிறது, அது சொட்டு இல்லாமல் சுண்டி இறால் சட்டியில் ஒட்டி ஒட்டி வருகிறவரை கிளறவேண்டும். ஆறியதும் இரண்டு ஸ்பூன் க்ரீம் சீஸ். அமெரிக்க சைனீஸ் ஹோட்டல்களில் க்ராப் ரங்கூன் என்கிற க்ரீம் சீஸ் வாண்டனுக்கு நண்டு வைப்பார்கள், நமக்கு நண்டு உடைக்கப் பொறுமை இல்லை.

மினி மஃபின் ட்ரே குழிகளில் எண்ணெய் தடவி, ஷீட்டை நடுவில் அழுத்துங்கள், நாலு மூலையும் வெளியே நிமிர்ந்து நிற்கட்டும். மேலேயும் லேசாக எண்ணெய். முன்கூட்டியே சூடாக்கின ஓவனில் 180 டிகிரி, வெறும் கிண்ணமாகவே ஆறேழு நிமிடம். அஞ்சாவது நிமிடத்திலிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருங்கள், மூலைதான் முதலில் கருகும். பொரித்ததில் வருகிற அந்தக் கொப்புளம் இதில் வராது, வரும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். ஓரம் மட்டும் அப்பளம் மாதிரி நொறுங்கும், எனக்கு அதுவே பிடிக்கும்.

முக்கியமான விஷயம், நம்ம ஊர் கடல்காற்றில் எதுவும் சீக்கிரம் நமத்துவிடும். வெறும் கிண்ணங்களை ஆறவைத்து எவர்சில்வர் டப்பாவில் இறுக்கி மூடிவிடுங்கள், ஆள் வந்து உட்கார்ந்த பிறகு இறாலை நிரப்பி இன்னொரு அஞ்சு நிமிடம் சூடு. சாயங்காலமே நிரப்பி வைத்தால் அடி ஊறித் தொளதொளவென்று ஆகிவிடும், அப்புறம் எத்தனை தரம் சூடாக்கினாலும் சரியாகாது.

சுத்த சைவம் யாராவது வந்தால் ஷீட்டிலேயே முட்டை இருப்பதை மறந்துவிடாதீர்கள். அவர்களுக்கு முட்டை சேர்க்காத சமோசா பட்டியில் பனீர் வைத்து, வேறு ட்ரேயில்.