கப்பல் காத்திருக்காது: கரைச் சுற்றுலாவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

[காட்சி: கப்பலின் மேல்தளம். கைப்பிடிக் கம்பியோரம் கூட்டம். கீழே கப்பல்துறையில் இரண்டு பேர் ஓடி வருகிறார்கள்.]

மாலை ஐந்து இருபது. ஐந்தரை மணிக்குள் எல்லோரும் கப்பலில் இருக்க வேண்டும். மேல்தளத்தில் நிற்பவர்கள் யாரும் கடலைப் பார்க்கவில்லை, கரையைப் பார்க்கிறார்கள். தோளில் பை, கையில் செருப்பு, இரண்டு பேர் ஓடி வருகிறார்கள். மேலேயிருந்து கைதட்டல், விசில். சொகுசுக் கப்பல் பயணத்தில் டிக்கெட் இல்லாமல் கிடைக்கும் வேடிக்கை இது. ஓடுகிறவர்களைக் கேட்டால்தான் தெரியும், காலையிலிருந்து பார்த்த ஊர் முழுவதும் அந்தப் பத்து நிமிடத்தில் நெஞ்சைவிட்டுப் போயிருக்கும்.

கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்கும் சில மணி நேரத்தில் இறங்கி ஊர் சுற்றிவருவதுதான் கரைச் சுற்றுலா. அது என்றதும் பலரும் கேட்பது, "அங்கே என்ன பார்க்கலாம்?" என்று. நான் முதலில் கேட்பது வேறு: "எத்தனை மணிக்கு, எந்த வழியாகத் திரும்புவீர்கள்?" இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் எதைப் பார்ப்பது என்பது ஏறக்குறைய தானாகவே முடிவாகிவிடும்.

[காட்சி: பயண அட்டவணை. 'ரோம்' என்ற சொல் பெரிதாகிறது. பிறகு வரைபடம்.]

முதலில், அட்டவணையில் அச்சிட்டிருக்கும் ஊர்ப்பெயரை நம்பாதீர்கள். 'ரோம்' என்று போட்டிருக்கும். கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியாவில். அங்கிருந்து ரோம் 70 கிலோமீட்டருக்கு மேல். 'புளோரன்ஸ்' என்றால் லிவோர்னோ துறைமுகம், இன்னும் 90 கிலோமீட்டர் போக வேண்டும். 'பாரிஸ்' என்றால் லு ஆவ்ர், சுமார் 200 கிலோமீட்டர். 'பெர்லின்' என்றால் வார்னமுண்டே. போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். 'பாங்காக்' என்று நம்பி இறங்கினால் லேம் சபாங், நகரம் 100 கிலோமீட்டருக்கு அப்பால். விளம்பரத்துக்கு ஊர்ப்பெயர், நங்கூரத்துக்கு வேறு ஊர்.

வெனிஸ் கதை இன்னும் சுவையானது. 2021 ஆகஸ்ட் 1 முதல் பெரிய கப்பல்கள் சான் மார்க்கோ சதுக்கத்தின் முன்னால் போகத் தடை. பிறகு பல கப்பல்கள் ரவென்னாவிலும் திரியெஸ்தேயிலும் நின்றுகொண்டு 'வெனிஸ்' என்கின்றன. இரண்டுமே பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாத தூரம். மேல்தளத்திலிருந்து வெனிஸைப் பார்த்துக்கொண்டே உள்ளே நுழையலாம் என்று பழைய படங்களைப் பார்த்துக் கற்பனை செய்திருந்தால், அதை இப்போதே கைவிட்டுவிடுங்கள்.

ஆகவே பயணத்துக்குப் பணம் கட்டும் முன்பே ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் துறைமுகத்தின் உண்மையான பெயரை எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில் நகர மையத்துக்கு உள்ள தூரம். அதற்கும் பக்கத்தில் கப்பல் வரும் நேரம், கிளம்பும் நேரம். இந்த ஒரு தாள் போதும், பாதி வேலை முடிந்தது.

[காட்சி: கடிகாரம். முட்கள் பின்னோக்கிச் சுழல்கின்றன.]

மீதிப் பாதி, கணக்கு. காலை எட்டு முதல் மாலை ஆறு வரை சிவிட்டாவெக்கியாவில் கப்பல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து மணி நேரம் என்று மனம் கணக்குப் போடும். துறைமுக அதிகாரிகளின் அனுமதி கிடைத்து, கூட்டத்தோடு கூட்டமாக இறங்கும்போது எட்டரை. கிளம்புவதற்கு அரை மணி முன்பே, ஐந்தரைக்கு, எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும். மிச்சம் ஒன்பது மணி நேரம். சாலையில் போக ஒன்றரை, வர ஒன்றரை. மிச்சம் ஆறு. நெரிசல், விபத்து, டயர் பஞ்சர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு மணி ஒதுக்குங்கள். மிச்சம் ஐந்து. சாப்பாட்டுக்கு ஒரு மணி. கையில் நிற்பது நான்கு.

இந்த நான்கிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. பெரிய பஸ்ஸில் நாற்பத்தைந்து பேர். ஒருவர் இறங்க பத்து விநாடி என்றால் கடைசி ஆள் தரையில் கால் வைக்க ஏழரை நிமிடம். ஏறும்போது இன்னொரு ஏழரை. நான்கு இடத்தில் நிறுத்தினால் முழுதாக ஒரு மணி நேரம் பஸ் படிக்கட்டிலேயே போய்விடும். கழிப்பறை வரிசையை நான் இதில் சேர்க்கவே இல்லை. பட்டியலில் பத்து இடங்களை அடுக்கியிருக்கும் சுற்றுலாவைக் கண்டால் ஒதுங்கிப் போங்கள். இரண்டு இடம் போட்டிருப்பதை எடுங்கள்.

பட்டியலின் சொற்களையும் நிதானமாகப் படியுங்கள். 'பனோரமிக்' சுற்றுலா என்றால் பெரும்பாலும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பது. 'கொலோசியம் காண்பது' வேறு, 'கொலோசியத்துக்குள் செல்வது' வேறு. நுழைவுக் கட்டணம் உட்பட என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதவில்லை என்றால் வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவீர்கள். 'உள்ளூர்க் கைவினைஞர்களின் செயல்விளக்கம்' என்றால் கடை. ஒரு முறை துருக்கியின் எபேசஸ் இடிபாடுகளைப் பார்த்துத் திரும்பும் வழியில் எங்களைக் கம்பளம் நெய்வதைக் காட்டுகிறோம் என்று ஓரிடத்தில் இறக்கினார்கள். நெய்ததைப் பார்த்தது ஐந்து நிமிடம். அதன்பின் கதவு சாத்தப்பட்டது, தேநீர் வந்தது, ஒவ்வொரு கம்பளமாக எங்கள் காலடியில் விரிந்தது. முக்கால் மணி நேரம். இரண்டாயிரம் ஆண்டு பழைய வீதியில் எங்களை விரட்டி விரட்டி நடக்கவைத்த அதே வழிகாட்டி, இங்கே மட்டும் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

[காட்சி: மூன்று வழிகள். கப்பலின் முன்பதிவு மேசை, ஒரு வேன், தெருவில் நடக்கும் இருவர்.]

இப்போது யாரிடம் வாங்குவது என்ற கேள்வி. கப்பல் நிறுவனத்திடமே வாங்கலாம். உள்ளூர் வழிகாட்டியைத் தனியாக ஏற்பாடு செய்யலாம். எதுவும் வாங்காமல் நடக்கலாம்.

கப்பல் விற்கும் சுற்றுலா பெரும்பாலும் விலை கூடுதல். அந்தக் கூடுதல் பணத்தில் உண்மையில் நீங்கள் வாங்குவது ஒரு வாக்குறுதியை. அவர்கள் பஸ் தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். காத்திருக்க முடியாமல் போனால் அடுத்த துறைமுகத்துக்கு உங்களைக் கொண்டுசேர்ப்பது அவர்கள் பொறுப்பு. தனியாகப் போனவர்களுக்கு இந்த வாக்குறுதி கிடையாது.

அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2024 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள சாவோ டோமே தீவு. தனியாக ஏற்பாடு செய்த சுற்றுலாவுக்குப் போன எட்டுப் பயணிகள் தாமதமாகத் திரும்பினார்கள். கப்பல் இன்னும் நங்கூரத்தில்தான் நின்றது, கண்ணுக்குத் தெரிந்தது. கடலோரக் காவல் படகு கப்பலருகே கொண்டுபோயும் ஏற்றிக்கொள்ளவில்லை. பல நாடுகள் மாறி, சொந்தச் செலவில் பறந்து காம்பியாவுக்கு வந்து சேர்ந்தால், நீர்மட்டம் சரியில்லை என்று கப்பல் அங்கே வரவில்லை. மறுபடியும் தரைவழியாக செனெகலுக்கு. கப்பல்காரர்கள் கொஞ்சம் மனமிரங்கியிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் விதி அவர்கள் பக்கம் இருந்தது.

ஆனால் கப்பல் தரும் வாக்குறுதி நேரத்துக்குத்தான். பாதுகாப்பையும் அதற்குள் சேர்த்து நினைத்துக்கொள்ளாதீர்கள். சுற்றுலாவை நடத்துவது பெரும்பாலும் உள்ளூர் ஒப்பந்தக்காரர், கப்பல் நிறுவனம் விற்பனை மட்டுமே செய்கிறது. டிக்கெட்டின் நிபந்தனைகளில் பொடி எழுத்தில் அதைச் சொல்லியும் இருப்பார்கள். 2019 டிசம்பர் 9 அன்று நியூசிலாந்தின் வக்காரி எரிமலைத் தீவு வெடித்தபோது அங்கே 47 பேர் இருந்தார்கள், 22 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் ஒரு சொகுசுக் கப்பலிலிருந்து ஒரு நாள் சுற்றுலாவாக வந்தவர்கள். எரிமலையின் எச்சரிக்கை நிலை மூன்று வாரங்களுக்கு முன்பே உயர்த்தப்பட்டிருந்தது. எரிமலை, பனியாறு, ஹெலிகாப்டர், ஆழ்கடல் நீச்சல் என்று எதை எடுத்தாலும், அன்றைய அரசு எச்சரிக்கையை நீங்களே தேடிப் படியுங்கள். கப்பலில் விற்கிறார்கள் என்பதையே பாதுகாப்புச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உள்ளூர் வழிகாட்டி நான்கைந்து பேராகப் போகும்போது கட்டுப்படியாகும். நினைத்த இடத்தில் நிற்கலாம், கம்பளக் கடையை வேண்டாம் என்று சொல்லலாம். பணம் அனுப்பும் முன் ஒரே ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்: கப்பல் அன்று துறைமுகத்துக்கு வராவிட்டால் பணம் முழுவதும் திரும்புமா? வானிலையால் ஒரு நிறுத்தத்தைக் கப்பல் தவிர்ப்பது அபூர்வம் அல்ல. கப்பலிடம் வாங்கியிருந்தால் அந்தப் பணம் திரும்பிவிடும். கப்பல் பயணிகளை நம்பிப் பிழைக்கும் வழிகாட்டிகளுக்கு இந்தக் கேள்வி பழக்கமானது, உடனே பதில் தருவார்கள். மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.

மூன்றாவது வழி, நடை. இதைத்தான் நிறைய பேர் கோட்டைவிடுகிறார்கள். மால்டாவின் வலேட்டாவில் கப்பல்துறைக்கு அருகிலேயே ஒரு லிஃப்ட் இருக்கிறது. 58 மீட்டர் உயரம் ஏறி, கதவு திறந்தால் அப்பர் பராக்கா தோட்டம், கீழே துறைமுகம் முழுவதும். மொண்டெனேக்ரோவின் கோட்டோரில் மதில் சூழ்ந்த பழைய நகரம் கப்பலுக்கு எதிரே நிற்கிறது. நேப்பிள்ஸில் கப்பலை விட்டு இறங்கியதும் நகரம். கிரேக்கத்தின் பிரேயஸ் துறைமுகத்தில் மெட்ரோ ஏறினால் ஏதென்ஸ். இந்த ஊர்களில் 'நகரச் சுற்றுலா' என்று பஸ்ஸுக்குப் பணம் கட்டுவது, வாசலில் இருக்கும் கோயிலுக்கு வண்டி பிடிப்பது போல.

என் கணக்கு இதுதான்: நகரம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் என்றால் கப்பலின் சுற்றுலா. அதற்குள் என்றால் உள்ளூர் வழிகாட்டி. நடக்கும் தூரம் என்றால் நல்ல காலணி. விலையை வைத்து மட்டும் முடிவு செய்கிறவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அது அவர்கள் விருப்பம்.

[காட்சி: நடுக்கடலில் கப்பல். சிறு படகுகள் கரைக்குப் போய் வருகின்றன.]

அட்டவணையில் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் 'டெண்டர்' என்று இருந்தால் கணக்கு மாறும். கப்பல் கரையில் அணையாது. நங்கூரமிட்டு, சிறு படகுகளில் ஆட்களை இறக்குவார்கள். முதல் படகுகள் பெரும்பாலும் கப்பலின் சுற்றுலாவை வாங்கியவர்களுக்கு. மற்றவர்களுக்கு எண் சீட்டு. ஒன்பது மணிக்குக் கரையில் சந்திப்பதாகத் தனி வழிகாட்டியிடம் சொல்லியிருந்தால், உங்கள் எண் வரும்போது பத்தரை ஆகியிருக்கலாம். கடல் கொந்தளித்தால் படகே இறங்காது.

கிரேக்கத் தீவான சான்டோரினி இதற்குப் பாடப் புத்தகம். படகு பழைய துறைமுகத்தில் விடும். ஃபிரா நகரமோ செங்குத்தான பாறையின் உச்சியில். மேலே போக கேபிள் கார், அல்லது கோவேறு கழுதை, அல்லது ஏறக்குறைய அறுநூறு படிகள். படியில் நடந்தால் கழுதைகளோடும் அவற்றின் சாணத்தோடும் இடத்தைப் பங்கிட வேண்டும். கப்பலின் சுற்றுலாவில் போகிறவர்களை வேறு துறையில் இறக்கிப் பஸ்ஸில் மேலே கொண்டுபோவார்கள், ஆனால் இறங்கும்போது பெரும்பாலும் அவர்களும் இந்தக் கேபிள் கார் வரிசைக்கே வருவார்கள். நான்கு கப்பல் நிற்கும் நாளில் மாலை நான்கு மணிக்கு அந்த வரிசை வெள்ளைச் சந்துகளுக்குள் வளைந்து வளைந்து போகும். நெரிசல் தாங்காமல்தான் 2025 முதல் ஒரு நாளைக்கு 8,000 கப்பல் பயணிகள் என்று வரம்பு வைத்தார்கள். உங்கள் நாளில் எத்தனை கப்பல்கள் என்பதைத் துறைமுகங்களின் வருகை அட்டவணையில் முன்பே பார்க்கலாம். கூட்டம் என்று தெரிந்தால் மதியம் இரண்டு மணிக்கே கீழே இறங்கிவிடுங்கள், சூரிய அஸ்தமனத்தைக் கப்பலின் தளத்திலிருந்து பார்க்கலாம்.

[காட்சி: கைப்பேசித் திரையில் 4:00. பக்கத்தில் கைக்கடிகாரத்தில் 5:00.]

இனி சில சின்ன விஷயங்கள், சின்னவை என்றாலும் ஒரு நாளையே கெடுக்கக்கூடியவை. கிழமை பாருங்கள். புளோரன்ஸின் உஃபீட்ஸி கலைக்கூடம் திங்கட்கிழமை மூடியிருக்கும், பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை. வாட்டிகன் அருங்காட்சியகங்கள், மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர, ஞாயிறுகளில் விடுமுறை. உடல் உழைப்பு எவ்வளவு என்பதற்குப் பட்டியலில் ஒரு குறியீடு இருக்கும், அதைக் கொஞ்சம் மேலேயே வைத்துப் படியுங்கள். இத்தாலியின் பொம்பெயி இடிபாடுகளில் நிழல் குறைவு, கல் பாவிய தெருக்கள் மேடுபள்ளம். கோட்டோரின் கோட்டை ஏற்றம் சுமார் 1,350 படிகள். கரையில் கால் வைக்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் விசா விதி தனி.

அப்புறம் கடிகாரம். கப்பல் தன் நேரத்தைத்தான் பார்க்கும், உங்கள் கைப்பேசி உள்ளூர் நேரத்துக்குத் தானாக மாறிக்கொள்ளும். கோடையில் அமெரிக்காவின் மயாமியிலிருந்து மெக்சிகோவின் கோசுமேல் தீவுக்குப் போகும் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். மயாமியில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளியிருப்பார்கள், கோசுமேல் இருக்கும் கின்டானா ரூ மாநிலத்தில் தள்ளுவதில்லை. கப்பல் மயாமி நேரத்தையே வைத்திருந்தால், கப்பலில் ஐந்து மணியாகும்போது உங்கள் கைப்பேசி நான்கு என்று சொல்லும். இறங்கும் முன் கப்பலின் நேரத்துக்கு வைத்த பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள்.

[காட்சி: அறை மேசை. அன்றைய நிகழ்ச்சித் தாள். ஒரு கை அதை நான்காக மடிக்கிறது.]

கடைசியாக, பையில் என்ன வைப்பது? கப்பல் அட்டை, பாஸ்போர்ட்டின் நகல், இரண்டு நாளுக்கான மருந்து, டாக்ஸிக்கு உள்ளூர்ப் பணம். கூடவே, கப்பலில் தினமும் தரும் நிகழ்ச்சித் தாள். பலரும் அதில் இரவு நிகழ்ச்சி என்ன என்று மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். அதில் பொதுவாக அந்த ஊரில் கப்பல் நிறுவனத்தின் சார்பில் இருக்கும் துறைமுக முகவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். கப்பல் உங்களை விட்டுவிட்டுப் போகும் நிலை வந்தால், ஊழியர்கள் பாஸ்போர்ட்டை எடுத்து அவரிடம்தான் ஒப்படைப்பார்கள். சாவோ டோமேயின் அந்த எட்டுப் பேரின் பாஸ்போர்ட்டுகளும் அப்படி முகவரிடம்தான் போய்ச் சேர்ந்தன. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.