வெனிசும் வேளச்சேரியும்

நடுவர் ஐயாவுக்கும், பொங்கல் பானையை இறக்கிய கையோடு இந்தக் குளிரிலும் வந்து உட்கார்ந்திருக்கும் மியூனிக் சொந்தங்களுக்கும் வணக்கம். எனக்குக் கிடைத்தது ஏழு நிமிடம். வணக்கத்தை இதோடு முடித்துக்கொள்கிறேன்.

ஐரோப்பாவின் பழைய நகரங்களைச் சுற்றிப் பார்த்தால் மிஞ்சுவது மனநிறைவா, மனக்கசப்பா என்பது கேள்வி. மனநிறைவே என்று பேச என்னை அனுப்பியிருக்கிறார்கள். எதிரணித் தம்பி, கால்வாய்களே தெருவாக இருக்கும் இத்தாலியத் தீவு நகரமான வெனிசுக்கு ஒரே ஒரு நாள் போய் வந்தாராம். அதற்கே அரை மணி நேரம் அழுதார்.

ஊருக்குள் நுழைய 5 யூரோ கட்டணம் என்றார். 2024இல் தொடங்கியது, அதுவும் குறிப்பிட்ட சில நாட்களுக்கு மட்டும், இரவு தங்காமல் திரும்புகிறவர்களுக்கு மட்டும். தங்கியிருக்கலாமே தம்பி! காபிக்கு ஒரு விலை, பக்கத்தில் வாசித்த வயலினுக்குத் தனி விலை என்றார். கல்யாண வீட்டில் நாயனம் கேட்டு, பந்தியிலும் உட்கார்ந்துவிட்டு, மொய் எழுதாமல் நழுவுகிறவர் இவர்தான் போலிருக்கிறது. புனித மார்க் தேவாலயத்து முகப்பில் நிற்கும் நான்கு குதிரைகளும் நகல் என்று கண்டுபிடித்தார். ஆமாம், அசல் உள்ளே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூலவர் உள்ளே, உற்சவர் வெளியே. இதில் உமக்கு என்ன ஏமாற்றம்? அந்த அசலே 1204இல் கான்ஸ்டான்டிநோபிளில் கொள்ளையடித்து வந்தது. 1797இல் அதை நெப்போலியன் தூக்கிக்கொண்டு போய், 1815இல் திரும்பி வந்தது. வெளியே நிற்கும் நகல் ஒன்றுதான் அங்கே நேர்மையான வழியில் வந்த குதிரை!

1951இல் 1,75,000 பேர் வாழ்ந்த தீவில் இன்று 50,000 பேர்கூட இல்லை, ஒரு மருந்துக்கடைச் சன்னலில் அந்த எண்ணிக்கையை எழுதிக் காட்டுகிறார்கள் என்றும் சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்ததற்குப் போகிறேன்.

அடுத்தது என்ன? கடைசியில் ஒன்று சொன்னாரே, நீங்கள்கூடக் கை தட்டினீர்களே! "தண்ணீரில் நிற்கும் வீட்டைப் பார்க்க இத்தாலிக்கு ஏன் போக வேண்டும்? கார்த்திகை மழைக்கு வேளச்சேரிக்கு வாருங்கள், டிக்கெட் இல்லாமல் காட்டுகிறேன்" என்றார். நடுவர் அவர்களே, நான் வேளச்சேரிக்காரி. இதை விட்டுவிட்டு மேலே போக முடியாது.

வெனிசில் கடல் ஏறப்போகிறது என்றால் முன்கூட்டியே சைரன் ஊதும். வேளச்சேரியில் தவளை ஊதும். அங்கே தெருவில் மேடைப் பலகை போடுவார்கள். இங்கே பக்கத்து வீட்டுக்காரர் செங்கல் போடுவார், அதையும் மறுநாள் எண்ணி எடுத்துக்கொள்வார். 2019 நவம்பரில் வெனிசில் தண்ணீர் 187 சென்டிமீட்டர் ஏறியது. மறு ஆண்டு அக்டோபரில் கடல் வாயில்களில் 78 மதகுகளை நிமிர்த்திக் கடலையே வெளியில் நிறுத்தினார்கள். எங்கள் பகுதியில் நிமிர்ந்தது வாடகை மட்டும்தான். ஒப்பிட வந்தாராம் ஒப்பிட!

போன அக்டோபரில் என் அம்மாவை வெனிசுக்கு அழைத்துப் போனேன். கையில் புளிசாதம். புனித மார்க் சதுக்கத்துத் தூணடியில் சம்மணமிட்டுப் பொட்டலத்தைப் பிரித்ததும் காவலர் ஒருவர் வந்து, இங்கே உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்று சைகை காட்டினார். அம்மா கேட்டார்: "கோவில் வாசலில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிடக் கூடாதென்றால் அது என்னடி கோவில்?"

அங்கிருந்து கோண்டோலாத் துறை. பகலில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ. அம்மா மனத்துக்குள் பெருக்கினார். ரூபாயில் பல ஆயிரம்! "ஒரு படகில் எத்தனை பேர்?" என்றார். ஐந்து பேர் வரை போகலாம், விலை படகுக்குத்தான் என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அடுத்த நிமிடம் அம்மா துறையில் நின்று ஆள் சேர்க்க ஆரம்பித்துவிட்டார். ஷேர் ஆட்டோ, நடுவர் அவர்களே! பின்வரிசைக்குக் கேட்டதா? வெனிசு நகரத்துக் கோண்டோலாவை என் தாய் ஷேர் ஆட்டோ ஆக்கினார். முதலில் மாட்டியது யார்? தேனிலவுக்கு வந்த ஜோடி. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, "நீங்கள் இரண்டு பேர், நாங்கள் இரண்டு பேர், இன்னும் ஒரே ஒரு ஆள்தான்" என்று சுத்தத் தமிழில் விளக்குகிறார். காதலியோடு நிலவு பார்க்க வந்தவன் மடியில் புளிசாதத் தூக்கோடு என் அம்மா! அந்தப் பையன் ஓடிய ஓட்டத்தில் பாலமே அதிர்ந்தது.

சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட படகுக்காரர் ஒருவர், பெரிய கால்வாயைக் குறுக்கே கடக்கும் பொதுப் படகைக் காட்டிவிட்டார். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் துடுப்புப் போடுவார்கள். ஆளுக்கு 2 யூரோ, நின்றுகொண்டே போகலாம், அக்கரையில் மீன் சந்தை. ஏறினோம். படகு ஆடியது. அம்மா என் தோளைப் பிடிக்கவில்லை, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீரையே பார்த்தார். பேச்சு நின்றுவிட்டது.

தம்பி, 2015 டிசம்பரில் வேளச்சேரியில் என் அம்மா முதல் மாடிச் சன்னல் வழியாகப் படகில் இறங்கியவர். கீழ்வீடு முழுகிவிட்டது. நான் இங்கே மியூனிக்கில் மணிக்கணக்காகத் தொலைபேசியை அழுத்திக்கொண்டிருந்தேன். மீனவப் பையன் ஒருவன் அம்மாவைக் குழந்தை மாதிரித் தூக்கிப் படகில் உட்கார வைத்திருக்கிறான். காசிமேடா, பட்டினப்பாக்கமா, எந்தக் குப்பம் என்று இன்றுவரை தெரியாது. அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து நூறு ரூபாயை நீட்டினாராம். அவன் வாங்கவில்லை. "வைத்துக்கொள் ஆயா" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் படகைத் திருப்பிவிட்டானாம்.

மீன் சந்தைத் துறையில் படகு ஒட்டியது. பின்னால் துடுப்புப் போட்ட பையன் கையை நீட்டினான். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. அம்மா அந்தக் கையைப் பிடித்துக் கரையேறினார். ஏறியும் விடவில்லை. 90 யூரோவுக்கு அப்படி வழக்காடியவர், சுருக்குப் பையிலிருந்து பத்து யூரோ நோட்டை எடுத்து அவன் கையில் வைத்து விரல்களை மடக்கினார். இவ்வளவு வேண்டாம் என்று அவன் தலையாட்டினான். அம்மா விடவில்லை.

"அவன்தான் வாங்காமல் போய்விட்டான். இவனாவது வாங்கட்டும்" என்றார்.

மணி அடித்துவிட்டீர்கள், ஐயா. உட்கார்ந்துகொள்கிறேன்.