முற்றுப்பெறாத மூன்று தூண்கள்

நேயர்களுக்கு வணக்கம். தெருவில் ஓர் ஊர்வலம் வந்தால், அது எந்தக் கட்சியினுடையது என்பதை முன்வரிசைக் கொடியைக் கொண்டே அறிந்துகொள்கிறோம். நம்முடையதாக இருந்தால் நின்று பார்க்கிறோம், இல்லையெனில் வழி எப்போது கிடைக்கும் என்று காத்திருக்கிறோம். அரசியல் வேற்றுமைகள் அப்படியே இருக்க, ஒரு நாட்டு மக்கள் சேர்ந்து நடக்கும் ஊர்வலம் இயலுமா என்ற கேள்வி நெடுநாளாக என்னை விடாமல் பற்றியிருக்கிறது. இயலும் என்றே நான் நம்புகிறேன். எவருக்குப் பின்னால் எவரை, எந்த அடையாளத்தின் பெயரால் நிறுத்துகிறோம் என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது.

1788 ஜூலை 4 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நடந்த ஊர்வலத்தைப் பற்றிப் பேச வாய்ப்புக் கிடைத்தால் நான் எளிதில் நிறுத்துவதில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். புதிய அரசியலமைப்பை அப்போது பதின்மூன்று மாநிலங்களில் பத்து ஏற்றிருந்தன, மூன்று ஏற்கவில்லை. ஏற்ற மாநிலங்களிலும் பகை கனன்றுகொண்டிருந்தது. பிலடெல்பியா அமைந்துள்ள பென்சில்வேனியாவிலேயே, கார்லைல் என்னும் ஊரில், முந்தைய டிசம்பரில் கொண்டாட வந்த ஆதரவாளர்களை எதிர்ப்பாளர்கள் அடித்து விரட்டி, மறுநாள் ஆதரவாளர்களின் தலைவர்களுடைய கொடும்பாவிகளை எரித்திருந்தார்கள்.

இந்நிலையில், அரசியலமைப்பு ஏற்கப்பட்டதைக் கொண்டாடும் இந்த ஊர்வலத்தைத் திட்டமிட்டவர் பிரான்சிஸ் ஹாப்கின்சன் என்னும் நீதிபதி. நடந்தவர்கள் சுமார் 5,000 பேர். வரிசையின் நீளம் ஒன்றரை மைல். அவர்களுள் பெரும்பாலோர் நடந்தது தத்தம் தொழிலின் பெயரால். கொல்லர்கள் வண்டியில் உலைக்களம் அமைத்து, பழைய வாள்களை உருக்கி அடித்துக் கலப்பை உறுப்புகளாக மாற்றியபடியே சென்றார்கள். அச்சுத் தொழிலாளர்கள் ஓடும் வண்டியிலேயே கவிதை அச்சிட்டுக் கூட்டத்துக்கு வழங்கினார்கள். கிறித்தவத்தின் பல பிரிவுகளைச் சேர்ந்த போதகர்களும் யூத மதகுருவும் கைகோத்து நடந்தார்கள். முடிவில் நடந்த விருந்தில் பீரும் ஆப்பிள் மதுவும் மட்டுமே. கடுமையான மதுவகைகளுக்கு இடமில்லை. ஊர்வலம் ஏற்பாடு செய்த அனுபவம் உள்ளவர்கள் இந்த முன்யோசனையின் அருமையை உணர்வார்கள்.

எனினும் என்னை மிகவும் கவர்ந்தது, வெண்குதிரைகள் இழுத்து வந்த ஒரு மண்டபம். அதற்குப் பதின்மூன்று தூண்கள்; பத்து முழுமையானவை, மூன்று வேண்டுமென்றே அரைகுறையாக விடப்பட்டவை. உடன்படாத மூன்று மாநிலங்கள் இருப்பதை அமைப்பாளர்கள் மறைக்கவில்லை. அவற்றுக்குரிய இடத்தை வேறெவருக்கும் கொடுக்கவுமில்லை.

இதை நான் தூய ஒற்றுமை என்று சொல்லவில்லை. வென்ற தரப்பு எடுத்த விழாதான் அது. அதே நாளில் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில் இரு தரப்பாரும் மோதிக்கொண்டார்கள். ஆகவே, மீண்டும் சொல்கிறேன், ஊர்வலம் தானாக எவரையும் இணைப்பதில்லை. அது எப்படி வரிசைப்படுத்தப்படுகிறது என்பதே பொருட்டு.

வரிசைப்படுத்துதலுக்கு இன்னொரு சான்று நார்வே. 1814 மே 17 அன்று எய்ட்ஸ்வோல் என்னுமிடத்தில் அந்நாட்டின் அரசியலமைப்பு கையெழுத்தானது. ஆனால் அவ்வாண்டின் இறுதிக்குள்ளேயே நாடு ஸ்வீடன் மன்னரின் கீழ் வந்துவிட்டது. 1829இல் அந்நாளைக் கொண்டாடத் தலைநகரில் கூடியவர்களைப் படையினர் கலைத்தார்கள். பின்னர் 1870இல் பள்ளிச் சிறுவர்களின் ஊர்வலம் தொடங்கியது. சிறுமிகள் சேர 1889 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1920களில் தொழிலாளர் இயக்கத்தார் பலர் இதை வசதி படைத்தோரின் விழாவாகக் கருதி, மே 1ஐயே தங்கள் நாளாகக் கொண்டார்கள். 1940 முதல் 1945 வரை ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் விழாவே தடைபட்டது. இன்று ஆஸ்லோவில் அரண்மனை மாடத்தின் முன்னே கடந்து செல்வது படைக்கலன்கள் அல்ல. பள்ளிப் பதாகையின் பின்னே வரும் குழந்தைகள். இடதுசாரித் தாயும் வலதுசாரித் தந்தையும் ஒரே வரிசையைப் பார்த்துக் கையசைக்கிறார்கள், ஏனெனில் அவ்வரிசையில் இருப்பது அவர்கள் பிள்ளை. அங்கே தொழில், இங்கே பள்ளி. இரண்டிலும் கட்சி வரிசை இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பிரிக்கும் ஊர்வலங்களைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரம் முடிந்துவருவதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். வட அயர்லாந்தை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1690இல் நடந்த போரின் வெற்றியை ஆண்டுதோறும் ஜூலையில் புராட்டஸ்டன்ட் கிறித்தவத் தரப்பார் ஊர்வலம் நடத்திக் கொண்டாட, தோற்ற கத்தோலிக்கத் தரப்பின் வழிவந்தோர் குடியிருக்கும் தெருக்கள் வழியாக அவ்வூர்வலங்கள் சென்றபோது பலமுறை கலவரம் மூண்டது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஊர்வலம் நடத்துவோர் 28 நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும். தனி ஆணையம் ஒன்று பாதையையும் இசையையும் கட்டுப்படுத்தலாம். பாதையை மாற்றுவது உரிமைப் பறிப்பு என்று சிலர் இன்றும் வாதிடுகிறார்கள். அந்தத் தெருவில் குடியிருப்பவரிடம் முதலில் கேட்டிருந்தால் ஆணையத்துக்கு வேலை குறைந்திருக்கும் என்பது என் எண்ணம். நன்றி, வணக்கம்.