பத்து நிமிட நிறுத்தம்

தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, முன்னாள் படைவீரர் நலச் சங்கப் பெரியோர்களே, அரிமா சங்க, ரோட்டரி சங்க அன்பர்களே, பந்தல் செலவை ஏற்ற வணிகர் சங்கத்தாரே, காலையிலிருந்து நாற்காலி சுமந்த தம்பிகளே, தாய்மார்களே, வணக்கம். பொன்னாடை போர்த்திய தலைவர் ஐயாவுக்குத் தனியாக ஒரு நன்றி.

போர்க்காலத்தில் ஊர்ச் சங்கங்கள் சிப்பாய்களுக்கு என்ன செய்தன? இரண்டு செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். ஓர் அமெரிக்க ரயிலடி, நம் சென்னை மாகாணத்தின் ஒரு கப்பல். இரண்டுக்கும் ஒரே பழமொழிதான்: ஊர் கூடித் தேர் இழு.

நெப்ராஸ்கா மாநிலத்தில் நார்த் பிளாட் என்று ஒரு சிறு நகரம். 1941 டிசம்பர் 17. அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரில் ஜப்பான் குண்டு போட்டுப் பத்து நாள்தான் ஆகிறது. ‘நம்ம பிள்ளைகள், நெப்ராஸ்கா டி கம்பெனிப் படைப்பிரிவு, இந்த வழியாகப் போகிறார்கள்’ என்று பேச்சு பரவியது. கேக், பழம், சிகரெட் எல்லாம் எடுத்துக்கொண்டு ஊரே ஸ்டேஷனுக்குப் போய்க் குளிரில் காத்துக் கிடந்தது. ரயில் வந்தது. டி கம்பெனிதான். ஆனால் கான்சாஸ் மாநிலத்து டி கம்பெனி!

பெற்ற பிள்ளைக்குக் கட்டிக்கொண்டு வந்த பலகாரம். எதிரே நிற்பவன் யார் பெற்ற பிள்ளையோ. அந்த மக்கள் வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போகவில்லை, ஐயா. ஜன்னல் வழியே அத்தனையையும் அந்தப் பையன்கள் கையில் கொடுத்தார்கள்.

அண்ணனோ தம்பியோ வருவான் என்று கூட்டத்தில் நின்ற ரே வில்சன் என்ற பெண், ‘தினமும் இப்படிச் செய்தால் என்ன?’ என்று உள்ளூர்ப் பத்திரிகைக்கு எழுதினார். கிறிஸ்துமஸ் அன்றே கேன்டீன் திறந்துவிட்டது. நீராவி என்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கப் பத்துப் பதினைந்து நிமிடம் வண்டி நிற்கும். அதற்குள் காபி, சாண்ட்விச். பிறந்தநாள் என்று ஒருவன் சொன்னால் முழு கேக். சர்க்கரைக்கு ரேஷன் இருந்த காலம் அது! தேவாலயங்கள், மாதர் சங்கங்கள், சகோதரச் சங்கங்கள் என்று சுமார் 125 ஊர்களின் மக்கள் முறை போட்டு வந்தார்கள். ஒரு சிறுவன் போட்டிருந்த சட்டையையே ஏலம் விட்டுப் பணம் கொண்டுவந்தான். 1946 ஏப்ரல் 1 வரைக்கும் சுமார் 60 லட்சம் வீரர்கள் அங்கே கை நனைத்தார்கள். ஊர் கூடித் தேர் இழுத்த கதை வேறு என்ன?

நாமும் குறைந்தவர்கள் இல்லை. முதல் உலகப் போரில் சென்னை மாகாணத்து மக்கள் நிதி திரட்டி, ‘மெட்ராஸ்’ என்று பெயர் சூட்டி ஒரு மருத்துவக் கப்பலையே அனுப்பினார்கள். நம் பாட்டன்மார் கப்பல் விட்டார்கள். நாம் நம் ஸ்டேஷனில் ஜவான்கள் தங்க ஓர் அறைக்கு யோசிக்கிறோம்.

அந்த அறைக்காகத்தான் இரண்டு வருடமாக மேடை மேடையாகக் கேட்கிறேன். போன மாதம் இரவு இரண்டு மணிக்கு நம் ஸ்டேஷனில் ஒரு ஜவான். கறுப்பு டிரங்குப் பெட்டியில் வெள்ளை எழுத்தில் பெயரும் நம்பரும். அதன்மேல் தலை வைத்து, கொசுக்கடியில் தரையில் படுத்திருந்தான். விடியற்காலை வண்டியாம். டீக்கடை கூட மூடியிருந்தது.

நாலு கட்டில், ஒரு மின்விசிறி, குடிதண்ணீர். இங்கே பத்துச் சங்கங்கள் உட்கார்ந்திருக்கின்றன. மாதம் மூன்று இரவு ஒரு சங்கம் பார்த்துக்கொண்டால் போதும். மனு தயார். மேடைக்கு இடப்பக்கம் மேஜையில் வைத்திருக்கிறேன், பேனாவும் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் போகுமுன் செயலாளர்கள் வந்து கையெழுத்துப் போடுங்கள். ஊர் கூடித் தேர் இழுப்போம், வாருங்கள். வணக்கம்.