ஆப்சென்ட் யாருக்கு?

நடுவர் அவர்களே, "இணையவழிக் கல்வி வரமா, சுமையா?" என்ற தலைப்பில் சுமையே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் வரம் என்று பேசிய தம்பிக்கு நடுவில் மைக் மக்கர் பண்ணியது. பாவம், 'கேக்குதா, கேக்குதா' என்று மூன்று தடவை கேட்டார், நீங்களும் மனசிரங்கி அரை நிமிடம் கூடக் கொடுத்தீர்கள். நியாயம்தான்.

'ஒரு போன் போதும், வீடே வகுப்பறை' என்றார். சரி, கொல்லிமலைக்கு வாங்க தம்பி. 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, செம்மேட்டைத் தாண்டி உள்ளே போனால் என் பெரியம்மா பேத்தி வீடு. 2020 ஊரடங்கில் அவள் ஒன்பதாவது, அவள் தம்பி ஆறாவது, வீட்டுக்கே ஒரு போன், அதையும் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகிற நாளில் அப்பா சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். போன் இருக்கிற நாளில் ஊருக்கு மேலே ஒரு பாறை, அங்கேதான் சிக்னல் ரெண்டு கோடு காட்டும். மழையில் ஒரு கையில் குடை, ஒரு கையில் போன், மடியில் கணக்கு நோட்டு. டீச்சர் சமன்பாட்டை எழுத ஆரம்பிப்பார், படம் அப்படியே நின்றுவிடும், திரும்ப வரும்போது பலகையில் விடை மட்டும் இருக்கும். நடுவில் என்ன நடந்தது என்று கேட்க மைக்கை ஆன் பண்ணினால் லைனே கட். அன்றைக்கு அவளுக்கு ஆப்சென்ட். அரை நிமிடம் கூடக் கொடுக்க அங்கே நடுவர் யாரும் இல்லை ஐயா.

என் வாதமே இதுதான். பள்ளிக்கூடத்தில் கரும்பலகை இல்லையென்றால் அது பள்ளியின் குறை, ஆன்லைனில் சிக்னல் இல்லையென்றால் அது பிள்ளையின் குறையாகிவிடுகிறது. டவர், டேட்டா, கரண்ட், சார்ஜ் எல்லாம் ஒரு ஒன்பதாவது பிள்ளை தலையில்!

'ஏதோ ஒரு மலைக்கிராமம்' என்று எதிரணியில் சிரிக்கிறார்கள். தேசிய மாதிரி ஆய்வின் 2017-18 கணக்குப்படி நாட்டின் கிராமப்புற வீடுகளில் இணைய வசதி இருந்தது 14.9 சதவீதம். மீதி 85 வீடும் மலை மேலேயா இருக்கிறது?

கல்வித் தொலைக்காட்சி இருந்ததே என்றார் அந்தச் சகோதரி. இருந்தது, உதவியது, மறுக்கவில்லை. ஆனால் அம்மா, டிவிக்கு இணையம் வேண்டாமே, அது எங்கள் அணிச் சாட்சி! அப்புறம் 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்று அரசே தன்னார்வலர்களைத் தெருவுக்கு அனுப்பியது எதற்கு? விட்டுப்போன பாடத்தைப் பிடிக்க, அதுவும் பிள்ளைகளை நேரில் உட்காரவைத்து.

மணி அடித்துவிட்டீர்கள். எனக்கு மைக் கடைசிவரை ஒழுங்காகவே வேலை செய்தது, கூடுதல் நேரம் கேட்க மாட்டேன்.