ரேடார் திரை இருண்டால் வானில் இருக்கும் விமானங்களுக்கு என்ன ஆகும்? – நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அமெரிக்காவின் நியூவார்க் விமான நிலையத்தில் ஒன்றரை நிமிடம் ரேடார் வேலை செய்யவில்லை என்று படித்தேன். அவ்வளவு வசதியுள்ள நாட்டில் ரேடார் எப்படிப் பழுதாகும்? அந்த நேரத்தில் பறந்துகொண்டிருந்த விமானங்கள் எப்படித் தப்பின?"

அவர் குறிப்பிடுவது 2025 ஏப்ரல் 28 அன்று நடந்தது. அன்று பழுதானது ரேடாரின் அலைவாங்கி அல்ல, அதன் தகவலைச் சுமந்துவந்த தொலைத்தொடர்பு இணைப்பு. நியூயார்க் வட்டாரத்தில் வந்திறங்கும், புறப்படும் விமானங்களை லாங் ஐலண்டில் உள்ள ஒரு மையம் நெடுங்காலமாக வழிநடத்தி வந்தது. அங்கே ஆள் பற்றாக்குறை தீராததால், நியூவார்க்குக்கு உரிய பகுதியை மட்டும் 2024 ஜூலையில் பிலடெல்பியாவுக்கு மாற்றினார்கள். தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டாளர்கள் இடம் மாறினார்களே தவிர, ரேடார் தகவலைத் தொகுக்கும் கணினி அமைப்பு நியூயார்க்கிலேயே இருந்தது. அங்கிருந்து பிலடெல்பியாவுக்கு வந்த இணைப்பு அறுந்ததும், திரைகள் இருண்டதோடு விமானிகளுடன் பேசும் வானொலியும் சேர்ந்து நின்றது. ரேடார் என்றவுடன் சுழலும் அலைவாங்கி ஒன்றைத்தான் நாம் நினைக்கிறோம். ஆனால் அலைவாங்கி, கணினி, கம்பி, திரை என்ற சங்கிலி முழுவதும் சேர்ந்ததுதான் ரேடார்; அதில் எந்தக் கண்ணி விட்டுப்போனாலும் கட்டுப்பாட்டாளருக்கு விளைவு ஒன்றே.

ஒன்றரை நிமிடம் பெரிய நேரமா என்று சிலருக்குத் தோன்றலாம். விமான நிலையத்தை ஒட்டிய ரேடார் ஏறத்தாழ 5 விநாடிக்கு ஒரு முறை சுற்றிவந்து விமானங்களின் இடத்தைப் புதுப்பிக்கிறது. ஆகவே 90 விநாடி என்றால் ஏறக்குறைய 18 சுற்றுகள் விடுபட்டுப்போகின்றன. அமெரிக்க விதிப்படி 10,000 அடிக்குக் கீழே பறக்கும் விமானங்களுக்கு வேக வரம்பு 250 நாட், அதாவது மணிக்குச் சுமார் 463 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு விமானம் 90 விநாடிக்குள் 11 கிலோமீட்டருக்கும் மேல் கடந்துவிடும். ஒரே உயரத்தில் பறக்கும் இரண்டு விமானங்களுக்கு இடையே அங்கே பொதுவாகக் கட்டாயமாக்கப்பட்டிருக்கும் இடைவெளியோ 3 கடல்மைல், அதாவது சுமார் ஐந்தரை கிலோமீட்டர்தான்.

பிறகு எப்படித் தப்பின? ஒவ்வொரு விமானத்துக்கும் உயரமும் திசையும் முன்பே கொடுக்கப்பட்டிருக்கும். தொடர்பு அறுந்தால் கடைசியாகக் கிடைத்த அனுமதியின்படி என்ன செய்ய வேண்டும் என்பதற்கு விமானிகளுக்கு வகுக்கப்பட்ட நடைமுறை உண்டு. நிலையத்தின் கோபுரத்தில் இருப்பவர்களால் ஓடுபாதையை நெருங்கும் விமானங்களைக் கண்ணால் காண முடியும். இவற்றுக்கும் மேலாக, பயணிகள் விமானங்களில் டீகாஸ் என்ற மோதல் தவிர்ப்புக் கருவி இருக்கிறது. அது தரையில் உள்ள ரேடாரை நம்பாமல், அருகில் வரும் விமானத்தின் டிரான்ஸ்பாண்டரை, அதாவது கேட்டால் தானாகப் பதில் அனுப்பும் கருவியை, தானே விசாரித்து, ஏறு அல்லது இறங்கு என்று விமானிக்குச் சொல்லிவிடும். அன்று மோதல் எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் பணியில் இருந்தவர்களில் சிலர் அதிர்ச்சிக்கான விடுப்பில் போகும்படி ஆயிற்று. ஏற்கெனவே குறைவாக இருந்த ஆட்கள் இன்னும் குறைந்தார்கள். மே 9 அதிகாலையில் திரைகள் மறுபடியும் இருண்டபோது, கட்டுப்பாட்டாளர் ஒருவர் சரக்கு விமானம் ஒன்றின் விமானியிடமே, இதைச் சரிசெய்யச் சொல்லி உங்கள் நிறுவனத்தின் வழியாக நெருக்கடி கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். பொறுப்பான பணியில் இருக்கும் ஒருவர் வானொலியில் அப்படி வேண்டிக்கொள்ளும் நிலைக்குத் தள்ளப்பட்டதை நான் மிகவும் கவலைக்குரியதாகவே பார்க்கிறேன்.

இருப்பினும் முற்றாக இருண்ட திரையைவிட ஆபத்தானது, நன்றாக இயங்குவதுபோலத் தோன்றும் திரை என்பது என் கருத்து. இருண்டால் எல்லோரும் உடனே எச்சரிக்கை அடைகிறார்கள். 2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே ஒரு டுப்போலெவ் பயணிகள் விமானமும் ஒரு போயிங் சரக்கு விமானமும் மோதி 71 பேர் இறந்தார்கள். அந்த வான்பகுதியைக் கவனித்த சுவிட்சர்லாந்தின் சூரிச் மையத்தில் அன்றிரவு பராமரிப்பு வேலை நடந்ததால், ரேடார் அமைப்பு குறைந்த வசதிகளுடன் மாற்று நிலையில் இயங்கியது. விமானங்கள் திரையில் தெரிந்தன. இரண்டு விமானங்கள் நெருங்கினால் திரையில் தோன்ற வேண்டிய எச்சரிக்கை மட்டும் இல்லை. அது இல்லை என்பதை, இரண்டு திரைகளைத் தனியாகக் கவனித்துக்கொண்டிருந்த கட்டுப்பாட்டாளர் அறிந்திருக்கவில்லை. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ மையத்துக்கு அந்த எச்சரிக்கை கிடைத்தும், தொலைபேசி இணைப்பு கிடைக்காததால் சூரிச்சுக்குச் சொல்ல முடியவில்லை. கடைசி நேரத்தில் கட்டுப்பாட்டாளர் டுப்போலெவை இறங்கச் சொன்னார், டீகாஸ் அதை ஏறச் சொன்னது. அந்த விமானிகள் தரையிலிருந்து வந்த குரலுக்குக் கீழ்ப்படிந்தார்கள்; டீகாஸ் சொன்னபடி போயிங்கும் இறங்கிக்கொண்டிருந்தது. முரண்பாடு வந்தால் டீகாஸ் சொல்வதையே பின்பற்ற வேண்டும் என்பது அதன்பின் சர்வதேச விதிகளில் ஐயத்துக்கு இடமின்றி வரையறுக்கப்பட்டது.

வசதியுள்ள நாட்டில் எப்படி என்று நேயர் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அந்நாட்டு வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் உள்ள 138 அமைப்புகளில் 51 அமைப்புகள் இனித் தொடர்ந்து பராமரிக்க இயலாத நிலையில் இருந்தன. மேலும் 54 அந்த நிலையை எட்டக்கூடியவை. இரவும் பகலும் நிறுத்த முடியாத ஒரு பணியில், பழையதை ஓட்டிக்கொண்டே புதியதைப் பொருத்த வேண்டியிருப்பதால் வேலை ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. 2025 ஜூலையில் இதற்காக 1,250 கோடி டாலர் ஒதுக்கினார்கள். நியூவார்க்கைப் பொறுத்தவரை, செப்புக் கம்பிகளுக்குப் பதிலாகக் கண்ணாடி இழை இணைப்புகள் போடப்பட்டன. அதோடு மணிக்கு இத்தனை விமானங்கள்தான் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. பயணிகள் அந்தத் தாமதங்களால் சலிப்படைந்தது இயல்பே. ஆனால் கருவியின் மேல் முழு நம்பிக்கை வைக்க முடியாத இடத்தில், விமானங்களின் எண்ணிக்கையைக் குறைத்து அவற்றுக்கிடையே இடைவெளியைக் கூட்டுவதைத் தவிர உடனடியாகச் செய்யக்கூடிய வேறு பாதுகாப்பு கட்டுப்பாட்டாளர்களிடம் இல்லை.